பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் கவிதை எழுதவைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவில்பட்டிப் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். சில வருடங்களாக என் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் உள்ள நாளெல்லாம் ஆளுக்கு நான்கு வரி எழுதுகிறார்கள். இதைக் கேள்விப்பட்ட வேறு பள்ளி ஆசிரியர்களும், தெரிந்தவர்கள் வீட்டுப் பெற்றோரும் என்னிடம் கேட்டவற்றையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். என் வகுப்பில் பார்த்ததை வைத்துத்தான் பேசுகிறேன். உங்கள் பிள்ளைகளுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

தினமும் என்றால், சரியாக என்னதான் செய்கிறீர்கள்?

என் பீரியட் தொடங்கியதும் முதல் ஏழு நிமிடம். புத்தகம் மூடியிருக்கும். ஆளுக்கு ஒரு நோட்டு, பழைய நோட்டுகளில் மிஞ்சிய வெள்ளைத் தாள்களைக் கிழித்து, கோணி ஊசியால் அவர்களே தைத்தது. பக்கத்தின் மேலே தேதி, கீழே நான்கு வரி. மூன்றானாலும் சரி, ஆறானாலும் சரி. ஏழு நிமிடம் ஆனதும் மூடிவைத்துவிட்டுப் பாடத்துக்குப் போய்விடுவோம். விருப்பப்பட்ட இரண்டு பேர் எழுந்து வாசிப்பார்கள், அவ்வளவுதான். வீட்டுப்பாடமாக ஒருநாளும் கொடுத்ததில்லை. வீட்டுக்குப் போனால் அது சுமையாகிவிடும், அடுத்த நாள் காலையில் பிரேயர் மணி அடிக்கும்போது அவசர அவசரமாகக் கிறுக்கிக்கொண்டு வருவார்கள்.

கவிதை தானாக வர வேண்டியது இல்லையா? உட்கார்ந்து தினம் எழுதினால் வருமா?

அதிகமாக வந்த கேள்வி இதுதான், பெரும்பாலும் கவிதை பிடித்தவர்கள்தான் கேட்கிறார்கள். தினமும் நல்ல கவிதை வராது. என் வகுப்பில் நாற்பது பேர் எழுதினால் அன்றைக்கு நின்று படிக்கும்படி இரண்டு மூன்று இருக்கும், சில நாள் ஒன்றுகூட இருக்காது. அதனால் ஒன்றும் நஷ்டமில்லை. தினமும் எழுதச் சொல்வதற்குக் காரணமே வேறு. நாளைக்கு எழுத வேண்டுமே என்று தெரிந்த பிள்ளை, இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போதே எதையாவது பார்த்துக்கொண்டு போகிறது. பால்காரர் கேனை இறக்கும் சத்தம், கம்மாய்க்கரையில் காயும் வேட்டி, பக்கத்து வீட்டுச் சண்டை, எல்லாம் அதற்குச் சரக்கு. மூன்றாவது மாதத்தில் ஒரு பையன் என்னிடம் வந்து, "டீச்சர், நேத்தே ஒண்ணு எடுத்து வச்சிட்டேன்" என்றான். எழுதியிருக்கவில்லை, பார்த்து மனதில் எடுத்து வைத்திருந்தான். ஏழு நிமிடம் கொடுத்ததெல்லாம் இதற்காகத்தான்.

அப்புறம், தினம் எழுதுகிறவனுக்கு ஒரு நாள் கவிதை கெட்டுப்போனால் வலிக்காது, நாளைக்கு இன்னொன்று உண்டு. ஆண்டு விழாவுக்கு மட்டும் எழுதுகிற பிள்ளைக்கு அந்த ஒன்றுதான் எல்லாமே, கை நடுங்கத்தான் செய்யும்.

முதல் நாள் என்ன தலைப்பு கொடுப்பது?

தயவுசெய்து அம்மா, நிலா, தாய்மொழி, மரம் வளர்ப்போம் இந்த நான்கையும் முதல் மாதம் கொடுக்காதீர்கள். அவை மோசமான தலைப்புகள் என்று சொல்லவில்லை. அந்தத் தலைப்பைக் கேட்டதும் பிள்ளைகளின் வாயில் ஏற்கெனவே கேட்ட வரிகள் வந்து நிற்கின்றன, அவர்கள் சொந்தமாக ஒன்றையும் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. நான் முதல் நாள் சொல்வது ஒன்றே ஒன்று: இன்றைக்கு நீ பள்ளிக்கு வரும் வழியில் கண்ணால் பார்த்த ஒரு பொருள், அது என்ன செய்துகொண்டிருந்தது, எழுது.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் "பேருந்து ஒரு சொர்க்கம்" என்று தொடங்கினான். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "சொர்க்கத்தை விடு, பஸ்ஸில் எதைப் பார்த்தாய்?" என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றான். யார் பக்கத்தில் நின்றாய்? கண்டக்டர் பக்கத்தில். அவர் கை எங்கே இருந்தது? கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு இப்படி எழுதினான்:

கண்டக்டர் விரலிடுக்கில்
நீளமாக மடித்த பத்து ரூபாய்கள்
கை அசையும்போதெல்லாம்
பறக்கப் பார்க்கின்றன

நான் சொல்லிக்கொடுத்தது ஒரு வார்த்தைகூட இல்லை, கை எங்கே இருந்தது என்று கேட்டதோடு சரி. முதல் மாதம் முழுக்க இப்படிக் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். நிறம் என்ன, சத்தம் என்ன, கை எங்கே, அப்போது நீ எங்கே நின்றாய்.

அதற்குப் பிறகு தலைப்பு தீர்ந்துபோகுமோ என்ற கவலையே வராது. வீட்டுச் சாவி ஒளித்துவைக்கும் இடம், சத்துணவு வரிசையில் தட்டுகளின் சத்தம், அறுந்த செருப்பு, போனில் பேசும்போது அம்மாவுக்கு மாறிவிடும் குரல், மழைநாளில் வகுப்பறை வாசம். ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளைகளையே ஆளுக்கு ஒரு தலைப்பு துண்டுத்தாளில் எழுதி ஒரு டப்பாவில் போடச் சொன்னேன், அது இரண்டு மாதத்துக்கு வந்தது.

உவமை, உருவகம் எல்லாம் எப்போது சொல்லிக்கொடுப்பது?

இலக்கணப் பாடத்தில் வரும்போது வரட்டும். அதற்கு முன்னால் நான் அவர்களுக்கு ஒரு கதை சொல்வதுண்டு. குறுந்தொகையில் சில புலவர்களுக்குச் சொந்தப் பெயர் என்ன என்றே நமக்குத் தெரியாது. அவர்கள் பாட்டில் சொன்ன ஒரு காட்சியே அவர்களுக்குப் பெயராகிவிட்டது. செம்மண்ணில் பெய்த மழைநீரைச் சொன்னவர் செம்புலப்பெயனீரார். குப்பைமேட்டில் விலக்கிவிட ஆளில்லாமல் சண்டை போடும் கோழியைச் சொன்னவர் குப்பைக்கோழியார். ஆட்கள் விட்டுப்போன வீட்டு முற்றத்தில் அணில் ஓடி விளையாடுவதைச் சொன்னவர் அணிலாடு முன்றிலார். இதைச் சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அவர்கள் தெருவிலும் பூட்டிக்கிடக்கிற வீடு இருக்கிறது, திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போனவர்கள் வீடு, அந்தத் திண்ணையிலும் அணில் ஓடுகிறது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் ஒருவர் அதைப் பார்த்திருக்கிறார் என்பதை நம்பவே அவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது.

அன்றைக்கு வகுப்பில் ஒரு வேலை வைப்பேன். பெயர் போடாமல் எழுதிக் கொடுக்க வேண்டும், வாசித்துவிட்டு அந்தக் கவிதையில் உள்ள காட்சியை வைத்தே எழுதியவருக்கு வகுப்பு ஒரு பெயர் சூட்டும். மேலே சொன்ன பையன் இன்றுவரை "விரலிடுக்கு நோட்டார்"தான். கூப்பிட்டால் பெருமையாகத் திரும்பிப் பார்க்கிறான்.

மரபுக்கவிதையா, புதுக்கவிதையா, ஹைக்கூவா?

தினப்படிக்குப் புதுக்கவிதைதான், வரி எண்ணிக்கைகூடக் கட்டாயம் இல்லை. ஹைக்கூ பிடித்த பிள்ளைகள் மூன்று வரியில் எழுதிக்கொள்ளட்டும். பாரதியாரே 1916இல் சுதேசமித்திரன் பத்திரிகையில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதியிருக்கிறார், நமக்குப் புதிதான சரக்கு இல்லை.

ஆனால் மரபை ஒதுக்கிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்பில் எப்படியும் ஒரு குறளைக் கொடுத்து அலகிட்டு, அதாவது சீர்களை அசைகளாகப் பிரித்து, வாய்பாடு எழுதச் சொல்கிறோம், நேர் நிரை என்று அசைகளைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். அந்த அறிவை எழுதுவதற்கும் பயன்படுத்தினால் அது விளையாட்டாகிவிடுகிறது. மாதம் ஒரு வாரம் நான் ஈற்றடி, அதாவது கடைசி அடி, கொடுப்பேன். குறள் வெண்பாவில் மொத்தமே ஏழு சீர், இரண்டாம் அடியின் மூன்று சீரை நான் கொடுத்துவிட்டால் அவர்கள் தேட வேண்டியது நான்குதான்.

ஐப்பசியில் ஒருநாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. "இலைசொட்டும் நீரின் இசை" என்று பலகையில் எழுதினேன். ஒரு மாணவி உடனே "மழைவிட்ட பின்னும் மரத்தில் மழை" என்றாள். என்ன அழகு! ஆனால் தளை, ஒரு சீர் அடுத்த சீரோடு சேர்கிற விதி, இடித்தது. "மழை" ஒற்றை அசை, நிரை. ஓரசைச் சீர் வெண்பாவின் கடைசியில்தான் நிற்கலாம், அடியின் நடுவே நிற்கக் கூடாது. நான் சொல்லவில்லை, அலகிட்டுப் பார்த்து அவர்களே கண்டுபிடித்தார்கள். இரண்டு நாள் வகுப்பே அந்த ஒரு சீரோடு மல்லுக்கட்டியது. "மழைத்துளி" போட்டுப் பார்த்தார்கள், நிரைநிரை, கருவிளம் ஆகிவிட்டது. முன்னால் நிற்கிற "மரத்தில்" நேரில் முடிகிற மாச்சீர் என்பதால் அதற்குப் பின் நிரை வருவது பொருந்துகிறது, ஆனால் விளம் முன் நேர் வர வேண்டும், அதாவது விளச்சீருக்கு அடுத்த சீர் நேரில் தொடங்க வேண்டும், அடுத்த அடியோ "இலை" என்று நிரையில் தொடங்குகிறது. மூன்றாம் நாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல், "ஒரு ஏ போட்டா?"

மழைவிட்ட பின்னும் மரத்தில் மழையே
இலைசொட்டும் நீரின் இசை

மழையே, புளிமா. மா முன் நிரை, சரி. அந்த "ஏ" கவிதையையும் தூக்கிவிட்டது, வியந்து சொல்கிற குரல் அதில் வந்து உட்கார்ந்துகொண்டது. தளை என்பது எதற்கு என்று இதற்கு மேல் நான் ஒரு பீரியட் பேசியிருந்தாலும் புரியவைத்திருக்க முடியாது.

எழுத்துப்பிழையைத் திருத்தலாமா? மதிப்பெண் போடலாமா?

மதிப்பெண் வேண்டாம், எந்த வடிவத்திலும் வேண்டாம், ஸ்டார் கூட வேண்டாம். போட்ட அன்றிலிருந்து உங்களுக்குப் பிடிக்கிற மாதிரி எழுத ஆரம்பித்துவிடுவார்கள்.

பிழையைப் பொறுத்தவரை, அந்த நோட்டில் சிவப்பு மை படவே கூடாது என்று வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை எல்லா நோட்டையும் வாசித்து, எனக்குப் பிடித்த ஒரே ஒரு வரியின் கீழே பென்சிலால் மெல்லியதாக ஒரு கோடு. வேறு குறிப்பு எதுவும் இல்லை. ல, ள, ழ குழப்பமும், ர, ற குழப்பமும், ஒற்று விடுவதும் கண்ணில் படத்தான் செய்யும். அவற்றைத் தனித்தாளில் குறித்துக்கொண்டு, யார் எழுதியது என்று சொல்லாமல் வெள்ளிக்கிழமை பலகையில் பத்து சொல் எழுதி எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுவேன்.

தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கவே சிரமப்படும் பிள்ளை என்ன செய்யும்?

சொல்லட்டும், பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும். நம் ஊரில் தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப் பாட்டும் பாடிய பாட்டிமார் எத்தனை பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும்? பாட்டு அவர்களிடம்தானே இருந்தது.

ஏழாம் வகுப்பில் ஒரு பையன், வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வான். லீவு நாளில் ஆடு மேய்க்கப் போகிறவன். ஒருநாள் அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், அவன் வாயில் வந்த வார்த்தையை மாற்றாமல்:

குட்டி செத்த அன்னைக்கு
ஆச்சி யாரையும் திட்டல
தாயாட்டுக்கு மட்டும்
ரெண்டு கை குழை கூட வச்சா

அதை வகுப்பில் வாசித்தபோது யாரும் பேசவில்லை. பிறகு அவன் அந்த நான்கு வரியைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகினான். தான் சொன்னதுதான் என்பதால் எந்த எழுத்து எந்தச் சத்தம் என்று அவனுக்கு முன்னமே தெரிந்திருந்தது. வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு அது சொன்ன கவிதையைவிட நல்ல பாடநூல் நான் பார்க்கவில்லை.

அப்படியானால் பேச்சு வழக்கில் எழுதலாமா?

தாராளமாக. மேலே உள்ளதில் "ஆச்சி"யைப் பாட்டி என்றும், "குழை"யைத் தழை என்றும் திருத்திப் பாருங்கள், அந்த வீடே காணாமல் போய்விடும். கட்டுரையில் எழுத்து வழக்கு, கவிதை நோட்டில் உன் வழக்கு என்று சொல்லிவிட்டால் பிள்ளைகள் குழப்பிக்கொள்வதில்லை.

சினிமாப் பாட்டு வரியைப் போட்டுவிடுகிறார்களே? செல்போனில் சாட்ஜிபிடியிடம் கேட்டும் எழுதுகிறார்களாமே?

சினிமா வரி முதல் மாதம் வரும். திட்டாதீர்கள், அவர்களுக்குத் தெரிந்த கவிதை அதுதான். "இதில் நீ பார்த்தது எது?" என்று மட்டும் கேளுங்கள், தானாகக் குறையும். செல்போன் பிரச்சினை, வீட்டில் எழுதச் சொல்கிற இடத்தில்தான் வருகிறது. வகுப்பில், கையால், ஏழு நிமிடத்தில், இன்று காலை வழியில் பார்த்ததை எழுது என்றால் அதை யாரிடம் கேட்பது? உன் தெருவில் இன்று காலை நடந்தது உனக்கு மட்டும்தான் தெரியும்.

வீட்டுக் கஷ்டத்தை எழுதிவிட்டால்?

எழுதுவார்கள். தினம் ஒரு பக்கம் திறந்து கொடுத்தால் உள்ளே இருப்பது வெளியே வரும், அதற்கு நாம் தயாராக இருக்க வேண்டும். நான் ஒரு தவறு செய்தேன். அப்பா குடித்துவிட்டு வருவதைப் பற்றி ஒரு பிள்ளை எழுதியிருந்ததை, நன்றாக இருக்கிறதே என்ற சந்தோஷத்தில், கேட்காமலே வகுப்பில் வாசித்துவிட்டேன். இரண்டு நாள் அந்தப் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்ததும் தனியாக உட்காரவைத்து மன்னிப்புக் கேட்டேன். அதிலிருந்து ஒரு விதி: பக்கத்தின் மேல் மூலையை மடித்துவைத்தால் நான் வாசிக்க மாட்டேன், மடிக்காததை நான் மட்டும் வாசிப்பேன், வகுப்பில் வாசிப்பதென்றால் எழுதியவர் தானாகக் கை தூக்க வேண்டும்.

அடி, பாலியல் தொல்லை, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்பது போன்ற வரி கண்ணில் பட்டால் அதைக் கவிதையாகப் பார்க்காதீர்கள். அன்றைக்கே அந்தப் பிள்ளையோடு தனியாகப் பேசுங்கள், தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள், 1098க்குப் பேசுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் அது, இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள். "கற்பனையாக இருக்கும்" என்று கடந்துபோக வேண்டாம். அந்தப் பிள்ளை மூலையை மடிக்காமல் விட்டிருக்கிறது.

கஷ்டம் என்றாலே துயரம்தான் என்றும் நினைக்க வேண்டாம். எங்கள் பக்கம் நிறையத் தாய்மார்கள் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறார்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது இது, அவள் அனுமதியோடு போடுகிறேன்:

நாளெல்லாம் பெட்டி அடைத்த அம்மா
அடுப்பைப் பற்றவைக்க
ஒரே ஒரு குச்சி எடுக்கிறாள்
அணையக் கூடாதென்று கை குவித்து

தேர்வுக்கு இதனால் என்ன பயன் என்று பெற்றோர் கேட்கிறார்கள்.

நேரடிப் பயனே இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பொதுத்தேர்வில் ஒரு படத்தைக் கொடுத்து "காட்சியைக் கண்டு கவினுற எழுதுக" என்று 5 மதிப்பெண்ணுக்குக் கேட்கிறார்கள். எந்தப் படம் வந்தாலும் ஒட்டவைக்கிற மாதிரி ஒரு கவிதையை மனப்பாடம் செய்துகொண்டு போகும் பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். வருடம் முழுக்க நான்கு வரி எழுதிய பிள்ளை படத்தைப் பார்த்து எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும். கட்டுரையிலும் வித்தியாசம் தெரிகிறது, வாக்கியம் சுருங்கித் தெளிவாகிறது.

வீட்டில் பெற்றோர் என்ன செய்யலாம்?

நோட்டைக் கேட்காமல் திறக்காதீர்கள். விருந்தாளி வந்தால் "ஒரு கவிதை சொல்லு" என்று நிறுத்தாதீர்கள். சாயங்காலம் "இன்னைக்கு என்ன பார்த்தே?" என்று கேளுங்கள், போதும்.

எழுதியதை எங்காவது அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனால் மூன்று நான்கு மாதம் போகட்டும். பள்ளிக் கல்வித்துறை 2022இல் தொடங்கிய இதழ்களில், 4, 5 வகுப்புப் பிள்ளைகளுக்கு ஊஞ்சல், 6 முதல் 9 வரை தேன்சிட்டு, இரண்டிலும் மாணவர்களின் படைப்புகள் வந்திருக்கின்றன. எனக்கு அதைவிடப் பிடித்தது வகுப்பின் கையெழுத்துப் பத்திரிகை. பருவத்துக்கு ஒன்று, ஒரே ஒரு பிரதி, நல்ல கையெழுத்துள்ள நான்கு பேர் எழுதி, வரையத் தெரிந்தவர்கள் ஓரத்தில் படம் போட்டு. அது ஒவ்வொரு வீட்டிலும் ஓர் இரவு தங்கிவிட்டு வரும். திரும்பி வரும்போது சில பக்கங்களில் எண்ணெய்க் கறையும் குழம்புக் கறையும் இருக்கும், வீட்டில் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நன்றாகத் தொடங்கி இரண்டே வாரத்தில் நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

பரீட்சை, ஸ்போர்ட்ஸ் டே, உங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு, இப்படி ஏதாவது வந்து அறுந்துவிடும். எனக்கும் அறுந்திருக்கிறது. விட்டுப்போன நாளுக்குச் சேர்த்து எழுது என்று கேட்காதீர்கள், இன்றைய தேதி போட்டு இன்றையதை எழுதச் சொல்லுங்கள். எங்களுக்குக் கைகொடுத்தது மார்கழி. திருப்பாவையில் முப்பது பாட்டு, மாதம் முழுக்க நாளுக்கு ஒன்றாகப் பாடுவது வழக்கம் என்று சொல்லி, நாமும் முப்பது நாள் விடாமல் எழுதிப் பார்ப்போமா என்று கேட்டேன். அரையாண்டு விடுமுறையும் அதில் வந்துவிட்டது. கட்டாயமில்லை என்றுதான் சொன்னேன். பதினொரு பேர் முப்பதும் முடித்துக்கொண்டு வந்தார்கள், அதில் இரண்டு பேர் கிறிஸ்துமஸ் அன்றைக்கும் எழுதியிருந்தார்கள்.

ஆசிரியரும் எழுத வேண்டுமா? எனக்குக் கவிதை வராதே.

எழுத வேண்டும். அந்த ஏழு நிமிடம் நீங்கள் வருகைப்பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது பிள்ளைகளுக்கு இன்னொரு வேலையாகிவிடும். நான் நாற்காலியை அவர்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு எழுதுவேன், வாரம் ஒருமுறை என்னுடையதைப் பலகையில் எழுதி அவர்களைத் திருத்தச் சொல்வேன். போன வாரம் எழுதியது:

டஸ்டரை உதறினேன்
நேற்றைய கணக்கெல்லாம்
ஜன்னல் வெயிலில்
மெதுவாக இறங்குகிறது

ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுந்து, "டீச்சர், மெதுவாக வேண்டாம். சாக்பீஸ் தூசி மெதுவாத்தான் இறங்கும்" என்றது. பலகைக்குப் போய் அந்த வார்த்தையை அழித்துவிட்டு வந்தேன்.